தெனேன் சிரித்த படம்

உங்கள் ஸ்டேஷனில் தேநீர் நன்றாகவே போடுகிறார்கள், ஐயா. காராமணி தின்கிற கூட்டத்தின் கையில் இவ்வளவு பக்குவம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாக்கைச் சுருட்டுகிற முதல் சுற்று இதுதானே? சர்க்கரைத் தண்ணீராக மூன்றாவது சுற்று வருவதற்குள் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிடுவேன். அவசரம் ஒன்றும் இல்லை.

கதவில் உங்கள் பெயரைப் பார்த்தேன். கமிஷனர் நூஹும் திராவோரே. நான் தாவுதா ஜாரா என்று சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் நீங்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, "வாடா என் அடிமையே, இத்தனை வருஷமா எங்கே ஓடிப்போயிருந்தே?" என்று கேட்டீர்கள். வாசலில் துப்பாக்கியோடு நின்ற கான்ஸ்டபிள்கூடச் சிரித்துவிட்டார். நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன் என்றேன். "காராமணியத் திருடிட்டியா?" என்றீர்கள். அதுதான் முறை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எழுதிக்கொள்கிறவருக்காக, பதிவில் இருக்கட்டும் என்று சொல்கிறேன். ஜாராவுக்கும் திராவோரேவுக்கும் கேலிமுறை. நான் உங்களை என்ன சொன்னாலும் நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் என்னை என்ன சொன்னாலும் நான் முகம் சுளிக்கக் கூடாது. ஒருவரை ஒருவர் அடிமை என்போம், காராமணி தின்னி என்போம், அதெல்லாம் விளையாட்டு வசை. உங்கள் வீட்டில் சாவு விழுந்தால் நான் வந்து பிணத்தின் குறுக்கே படுத்துக்கொண்டு, 'இவன் எனக்கு அடிமை, என் பங்கைக் கொடுத்துவிட்டு எடுங்கள்' என்று ரகளை பண்ணலாம். அழுதுகொண்டிருப்பவர்களும் சிரித்துவிடுவார்கள். சண்டை மூளாமல் இந்த ஊரில் இத்தனை குலங்கள் ஒன்றாகக் காலம் தள்ளுவது இந்த ஒரு ஏற்பாட்டால்தான் என்று ரேடியோவில்கூடச் சொல்கிறார்கள். நான் அந்த ஏற்பாட்டை முழு மரியாதையோடு பயன்படுத்தினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

எனக்கு லாஃபியாபுகூ பேட்டையில் ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. பின்னால் நீலத் திரை, முன்னால் ஒரு முக்காலி. பாஸ்போர்ட் சைஸ், பிள்ளைக்குப் பெயர் வைக்கிற விழா, கல்யாணம், எல்லாம் எடுப்பேன். நம் ஜனங்களின் சங்கதி உங்களுக்குத் தெரியும். கேமராவைக் கண்டால் போதும், விசேஷத்துக்கு உடுத்துகிற பளபளப்பான பசீன் துணியை நீவிவிட்டுக்கொண்டு கல்லாய்ச் சமைந்துவிடுவார்கள். மாப்பிள்ளை முறைப்பார். பெண் தரையைப் பார்ப்பாள். பாலுக்கு அழுகிற குழந்தைகூட என் முக்காலியில் உட்கார்ந்தால் மந்திரி மாதிரி ஆகிவிடும். இருபது வருஷமாக நான் எடுத்ததெல்லாம் துணிமணிகளைத்தான், மனிதர்களை இல்லை.

அப்போதுதான் அசெத்து கான்தே என்கிற அம்மாள் வந்தார். ஆற்றங்கரையில் கலைக்கூடம் நடத்துகிறவர். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தின் முன்னால் போய் நின்றுவிட்டார். கல்யாண வீடு ஒன்றில் ஒரு அம்மாள் தலையில் கை வைத்து அழுகிற படம்.

"தாவுதா, இத யார் எடுத்தது?"

"நான்தான் மேடம். பொண்ணோட அம்மா. செருப்பக் காணோம்னு அழுதாங்க."

"இல்ல. இது பிரிவு. இது தாய்மை."

"செருப்பு, மேடம். புதுசு."

"உனக்கே தெரியல. நீ ஒரு கலைஞன்."

அந்த வார்த்தையை அதுவரை யாரும் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. அது ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குத் தெரியாது, ஐயா, நீங்கள் அரசாங்க உத்தியோகஸ்தர். அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பக்கவாட்டில் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

கான்தே அம்மாள் ஒரு பெரிய கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னார். உணர்ச்சிகள், ஒருவருக்கொருவர் சொந்தமாக இருப்பது, இதெல்லாம் பொருள். 'நாம் யாருடையவர்கள்' என்று தலைப்பு. நடிக்காத முகங்கள் வேண்டும் என்றார். நம் ஊரில் நடிக்காத முகத்துக்கு நான் எங்கே போவேன்?

வழி தானாகத்தான் கிடைத்தது. துணிக்கடை வைத்திருக்கிற ஒரு அம்மாள், திராவோரே குலம், புதுத் தலைக்கட்டோடு வந்து முக்காலியில் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் விளையாட்டுக்கு, "அம்மா, உங்க வீட்டுக்காரரு பாலத்துல லாரி மோதி போயிட்டாராமே" என்றேன். அந்த முகம் ஒரேயடியாகச் சரிந்தது. நான் கேமராவை அழுத்தினேன். "சும்மா சொன்னேன், காராமணி தின்னி" என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். அதையும் அழுத்தினேன். எழுந்து வந்து செருப்பால் என் முதுகில் நாலு போட்டார். "நாசமாப் போறவனே, எங்க அடிமைங்க எல்லாம் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே பணத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் தன் தங்கையை அனுப்பினார்.

படங்களைப் பிரிண்ட் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு விளங்கியது. ஒருவர் யாருக்குச் சொந்தம் என்று அவரிடமே கேட்டால் குலத்தைச் சொல்வார், பிறந்த ஊரைச் சொல்வார். அதெல்லாம் வாய் சொல்வது. இன்னார் செத்துவிட்டார் என்று சொல்லிப் பாருங்கள், முகம் சொல்லிவிடும். தையல்காரர் ஒருவரிடம் அவர் அண்ணன் இறந்துவிட்டதாகச் சொன்னேன். "அப்படியா" என்று ஊசியில் நூல் கோத்தார். பண்டிகைக்கு வளர்க்கிற கிடா செத்துவிட்டது என்றேன். மனிதர் தேம்பி அழுதார். அந்தப் படத்தின் முன்னால் கான்தே அம்மாள் வெகுநேரம் நின்றார். "இதுல எவ்வளவு நேர்மை" என்றார்.

திராவோரேக்களை மட்டும்தான் எடுத்தேன். நியாயம் தெரியாதவன் இல்லை நான். ஒரே ஒரு தடவை சிசே குடும்பத்து அம்மாள் ஒருவரிடம் முயற்சி பண்ணினேன். அவர் பிள்ளைகள் வந்து லென்ஸை உடைத்து, கூடவே என் பல் ஒன்றையும் உடைத்தார்கள். அவர்கள் செய்தது சரிதான், அவர்களுக்கும் எனக்கும் கேலிமுறை கிடையாது. உரிமை இல்லாத இடத்தில் விளையாடக் கூடாது என்று அன்றே புத்தி வந்தது. அதன் பிறகு சுவர் முழுக்கத் திராவோரேக்கள்தான். ஒரே குலத்தை இப்படி ஆழமாக ஆராய்ந்தவர்கள் யாரும் இல்லை என்று கான்தே அம்மாள் நான்கு பேர் இருக்கும்போது சொன்னார்.

சோப்பு விற்கிற ஒரு அம்மாள் மட்டும் சேதியைக் கேட்டதும் முக்காலியிலிருந்து கீழே சரிந்துவிட்டார். ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டன. நான் சர்க்கரை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கோணிய வாயோடு, "படம் கெட்டுப்போச்சாப்பா?" என்று கேட்டார். இல்லையம்மா, நன்றாக வந்திருக்கிறது என்றேன். அவருக்கு நிம்மதி. கேலிமுறைக்காரனின் காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று அவருக்குக் கவலை. அப்படிப்பட்ட ஜனங்கள் நீங்கள், பெருமையாக இருக்கிறது.

நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது, ஐயா. சிரியுங்கள். இன்னும் தெனேன் பற்றிச் சொல்லவில்லை.

தெனேன் திராவோரே என் கடைக்கு எதிரே கம்பு மாவில் பணியாரம் சுட்டு விற்கிறார். வாயாடி என்றால் அப்படியொரு வாயாடி. காலையில் நான் கடையைத் திறக்கும்போதே, "என் அடிமை எழுந்தாச்சா, சங்கிலி எங்கடா?" என்று தெருக் கோடிவரை கேட்கும்படி கூவுவார். நானும் விடமாட்டேன். "காராமணி தின்னி வாசல்ல காத்து வீசுது, மூக்கப் பொத்திக்குங்க" என்பேன். தெருவே சிரிக்கும். புருஷன் சிசோக்கோ எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். மொரிபா என்று ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளைக்காகத்தான் அவர் உயிரை வைத்திருக்கிறார் என்பது படம் எடுக்காமலே எல்லோருக்கும் தெரியும்.

மொரிபா போன வருஷம் கடல் தாண்டி வெள்ளைக்காரர் நாட்டுக்குப் பிழைக்கப் புறப்பட்டான். புறப்படுவதற்கு முதல் நாள் என்னிடம் வந்து நீலத் திரைக்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டான். ஒரு பிரதியை அம்மாவிடம் கொடுத்தான், ஒன்றைத் தன்னோடு எடுத்துக்கொண்டான். என் படங்களுக்குப் பின்னால் ஸ்டுடியோவின் முத்திரை இருக்கும், பெயரும் போன் நம்பரும். வழியில் நுவாதிபு துறைமுகத்திலிருந்து அவ்வப்போது பேசினான். படகுக்குக் காத்திருக்கிறேன் என்றான். பிறகு பேச்சு வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் எனக்கு அழைப்பு வந்தது. சாம்பா என்று ஒரு பையன்.

"அண்ணே, படத்துக்குப் பின்னாடி இந்த நம்பர் இருந்துச்சு. வேற எதுவும் இல்ல அவங்கிட்ட. பிளாஸ்டிக் உறையில வெச்சிருந்தான், அதான் நனையல. நீங்க அவன் வீட்டு ஆளா?"

ஆமாம் என்றேன்.

"படகு கவுந்துருச்சுண்ணே. பாதிப் பேருதான் கரை சேந்தோம். மொரிபாவ மறுநாள் அலை கொண்டாந்து போட்டுச்சு. தொழுகை வெச்சு நாங்களே அடக்கம் பண்ணிட்டோம். அவங்கம்மாவுக்கு நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். இறைவன் அவன் படுத்த இடத்தைக் குளிர வைக்கட்டும் என்று முறைப்படி சொன்னேன். என் பிரிண்ட் கடலுக்கே தாக்குப்பிடித்திருக்கிறது என்று ஒரு கணம் பெருமையாக இருந்தது. இதையெல்லாம் மறைக்க நான் விரும்பவில்லை.

இமாமை அனுப்பியிருக்கலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். அவர் போய் வாசலில் நின்றாலே தெனேனுக்குப் புரிந்திருக்கும். ஆனால் அழைப்பு எனக்கு வந்தது, ஐயா. வாக்குக் கொடுத்தவன் நான். கேமரா ஏன் கழுத்தில் இருந்தது என்றால், அது எப்போதும் இருப்பது. கிளம்பும்போது முகத்துக்கான லென்ஸை மாற்றிப் போட்டுக்கொண்டேன், அதையும் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

தெருவைக் கடந்து போய், "தெனேனக்கா, அடுப்ப அணைச்சிட்டுக் கொஞ்சம் உக்காருங்க" என்றேன்.

"என்னடா, என் அடிமைக்கு இன்னிக்கு மரியாத பொங்கி வழியுது?"

"அக்கா, மொரிபா போயிட்டான். கடல்ல. அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்களாம்."

அவர் கையில் ஜல்லிக்கரண்டி இருந்தது, எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தார். என் கழுத்தில் இருந்த கேமராவைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார், ஐயா. தொடையில் அறைந்துகொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அடப்பாவி, கடைசியில என் வாசலுக்கே வந்துட்டியா? பேட்டையில இருக்குற திராவோரே அத்தனை பேரையும் அழ வெச்சிட்டு, நான் ஒருத்திதான் பாக்கின்னு வந்தியாக்கும்?"

"இல்லக்கா, நெசமாத்தான். ஒருத்தன் போன் பண்ணான்."

"ஆமாமா, மீனு போன் பண்ணுச்சு. ஏண்டி, கேட்டீங்களா? இவனுக்கு மீனு போன் பண்ணுச்சாம்."

பணியாரம் வாங்க நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். இருபது வருஷம் தேடிய முகம் அது. பிறகு மறுபடியும், "உண்மை, அக்கா" என்றேன். அவர் ஒரு சூடான பணியாரத்தை என் வாயில் திணித்து, "இதத் தின்னுட்டு ஓடு" என்றார். நான் தின்றுவிட்டு வந்தேன். ஆக, ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். நம்பாதது என் குற்றமா?

சிரிப்பு வருவதற்குச் சற்று முன்னால் அந்த முகத்தில் வேறொன்று வந்து போனது. அதையும் எடுத்திருக்கிறேன். அதைக் கண்காட்சியில் வைக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் நாகரிகம் உண்டு.

கண்காட்சி பெரிய வெற்றி. தெனேன் சிரிக்கிற படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வாசலுக்கு நேரே மாட்டினார்கள். பாலத்தின் பக்கத்தில் அதையே சுவரொட்டியாக ஒட்டினார்கள், நீங்களே பார்த்திருப்பீர்கள். தூதரகத்து வெள்ளைக்காரர் ஒருவர் அதன் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிள்ளையைக் கடலுக்கு அனுப்பிவிட்டும் சிரிக்கிற ஆப்பிரிக்கத் தாய்" என்று கான்தே அம்மாள் ஒலிபெருக்கியில் சொன்னார். தெனேன் புது நீல பசீனில் வந்திருந்தார். தன் படத்துக்குக் கீழேயே நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, "இந்த மூதேவி எங்கிட்ட வந்து எம்புள்ள செத்துட்டான்னு சொன்னான். அப்ப எடுத்தது இது" என்று சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். செம்பருத்திச் சாறு கொடுத்தார்கள். நான் ஒரு ஓரமாக நின்றேன். அடக்கமானவன் என்று பேசிக்கொண்டார்கள்.

கண்காட்சியை டக்காருக்கும் அதற்குப் பிறகு கடல் தாண்டியும் கொண்டுபோகிறார்கள். கான்தே அம்மாளுக்கு ஒரே ஒரு குறை. கடைசிச் சுவரில் ஒரு சட்டம் காலியாக இருக்கிறது. "எல்லாம் சந்தையில இருக்குறவங்களாவே இருக்காங்களே, தாவுதா. இன்னும் ஒண்ணு வேணும். எனக்குச் சொல்லத் தெரியல, நீயே யோசி" என்றார். யோசிக்கிறேன் என்றேன்.

இதற்கிடையில் தெனேன் தன் பிள்ளைக்குக் கல்யாணம் பேச ஆரம்பித்தார்.

மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம் நடப்பது நம் ஊரில் புதிதல்ல. பாதிப் பையன்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது மாப்பிள்ளைக்கு எங்கே போவது? இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பள்ளிவாசலில் உட்கார்ந்து கோலா கொட்டையைக் கைமாற்றிக்கொண்டால் முடிந்தது. பெண் மாமியார் வீட்டுக்கு வந்து காத்திருப்பாள். "மாசக்கணக்கா பய வாயே தொறக்கல, தாவுதா" என்று தெனேன் என்னிடம் சொன்னார். கேலி இல்லாத குரலில் அவர் என்னிடம் பேசி நான் கேட்டது அன்றுதான். "வீட்டுல பொண்டாட்டி காத்துக்கிட்டிருக்கான்னு தெரிஞ்சா பேசுவான். ஆம்பளைங்க அப்படித்தான்."

ஜெனேபா சிதிபே என்று ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். ஃபூலா இனத்துக் குடும்பம். சாதுவான பெண். கல்யாணப் படம் வேண்டும் என்று தெனேன் அவளைக் கடைக்கு அழைத்து வந்தார், மொரிபாவின் படத்தோடு சேர்த்துக் கொடு என்றார். மொரிபாவுக்கு வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. இவளுக்கும் விளக்கை இடது பக்கம் வைத்தேன். "தோளக் கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும்மா, அவன் அங்கதான் நிப்பான்" என்றேன். ஆளில்லாத பக்கம் சாய்ந்து, வெட்கப்பட்டாள். கணினியில் இரண்டு பேரையும் சேர்த்தேன். ஒட்டு தெரியவே தெரியாது. வேலையில் நான் ஏமாற்றுகிறவன் இல்லை.

கல்யாணத்தன்று மனம் கேட்கவில்லை. ஒரு சின்னப் பெண்ணை இறந்தவனுக்குக் கட்டி வைக்கிறார்கள், தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதைச் சொல்லாமல் இருந்தால் நான் மனிதனா? கல்யாணங்களில் குலங்களின் புகழ்பாடுகிற அம்மாள் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கல்யாணத்தக் கெடுக்க ஒரு ஜாராகூடவா வரல?" என்று கூப்பிட்டதும் எழுந்து போனேன். ஒலிபெருக்கியை வாங்கி, நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"மாப்பிள்ள செத்துட்டான். நுவாதிபுல பொதைச்சாச்சு. பொண்ண அவங்க வீட்டுக்கே அனுப்பிருங்க."

பந்தல் அதிர்ந்தது, ஐயா. சோறு தின்றுகொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. திராவோரேக்கள் வரிசையாக வந்து என் நெற்றியில் நோட்டு ஒட்டினார்கள். தெனேன் என்னைக் கட்டிப்பிடித்து, "இவன் மாதிரி ஒரு அடிமை யாருக்குக் கிடைப்பான்" என்று என்னைச் சுற்றிச் சுற்றி ஆடினார். புகழ்பாடுகிற அம்மாள் என் பாட்டன்மார் பெயரையெல்லாம் சொல்லிப் பாடினார். நெற்றியில் நோட்டோடு நான் நிற்க, அத்தனை பேரும் சிரிக்கிற படம் ஒன்று எடுத்தேன். கையை நீட்டி நானே எடுத்தது, கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ஊரையே கூட்டிவைத்துச் சொல்லிவிட்டேன். அதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

நீங்கள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறீர்கள். எழுதுகிறவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பக்கத்து அறையிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு, "இந்த ஜாரா சொல்றதக் கேளுங்கடா" என்கிறீர்கள். வரட்டும். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

அந்தப் பந்தலில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. படத்திலும் தெரியும், வலது மூலையில், மணப்பெண். சில நாள் கழித்துப் பிரதிகளை வாங்கிக்கொள்ள அவளே தனியாகக் கடைக்கு வந்தாள். கையில் மாமியார் வீட்டுப் பணியார வாசனை. படங்களை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"அண்ணே, அன்னிக்கு நீங்க ஒலிபெருக்கியில சொன்னீங்களே."

"என்னம்மா?"

"அவரு செத்துட்டாருன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிதிபே, எனக்கும் உங்களுக்கும் அந்த முறை கெடையாது. அதனால நேராக் கேக்குறேன். நெசமா, வெளையாட்டா?"

இந்த ஊரில் என்னிடம் அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். நான் சொன்னால் நம்பியிருப்பாள். எனக்கு அது அப்போதே தெரியும். டக்காருக்குப் போகிற பெட்டிகள் ஆணியடித்துத் தயாராக இருந்தன. தெனேன் அழுதுவிட்டால் அந்தச் சிரிப்பு வேறு படமாகிவிடும், ஐயா. வாசலில் மாட்ட முடியாது. மற்றத் திராவோரேக்களும் அவரவர் படத்தைத் திருப்பிக் கேட்க ஆரம்பிப்பார்கள். தவிர, கல்யாணம் முடிந்துவிட்டது. எதற்கு ஒரு குடும்பத்தைக் கலைக்க வேண்டும்?

"வெளையாட்டுதாம்மா" என்றேன். "அவன் வருவான். நீ போய் அடுப்பப் பாரு."

அப்பாடா என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நிம்மதியில் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததைச் சொல்லி முடியாது. அதையும் எடுத்துக்கொண்டேன். இப்போது அவள் தெனேனோடு உட்கார்ந்து பணியாரம் சுடுகிறாள். பொழுது சாய்ந்தால் இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தாலாட்டு மாதிரி ஏதோ ஒன்றை அந்தப் பெண் முணுமுணுக்கிறாள். விதவையாகவாவது இருந்தால் துக்கம் காக்கிற காலக்கெடு முடிந்ததும் இன்னொருவனைக் கட்டிக்கொள்ளலாம். அதற்கும் வழியில்லாமல் பண்ணியவன் நான்தான். இதுதான் நான் ஒப்புக்கொள்ள வந்த குற்றம்.

"நல்லாச் சொன்னேடா" என்கிறீர்கள். கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள். சாம்பாவின் நம்பர் இந்தப் போனில்தான் இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் நுவாதிபுவில் மணி அடிக்கும், அவன் எல்லாவற்றையும் சொல்லுவான். நீங்கள் கேட்கவில்லை. கேட்காமல் நான் எப்படி எடுத்து நீட்டுவது? அது மரியாதை இல்லை.

எங்கள் பேட்டையிலும் ஒரு காவல் நிலையம் உண்டு, என் கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். அங்கே கமிஷனர் மைகா. ஜாராவுக்கும் மைகாவுக்கும் எந்த முறையும் கிடையாது. சொன்னால் சிரிக்காமல் எழுதிக்கொள்வார், சாம்பாவைக் கூப்பிட்டுக் கேட்பார், சாயந்தரத்துக்குள் தெனேன் வீட்டு வாசலில் துக்கத்துக்குப் பாய் விரித்திருப்பார்கள். நான் பச்சை வேனில் நசுங்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டி, ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டு, உங்களைத் தேடி வந்தேன். உண்மையை மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்க முடியாத சுபாவம் எனக்கு, வேறொன்றும் இல்லை.

தொப்பியைக் கழற்றிவிடாதீர்கள், ஐயா, அது இருக்கட்டும். இப்படியே சிரித்துக்கொண்டிருங்கள், முகத்தை மட்டும் கொஞ்சம் ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பினால் போதும்.